ஆராய்ச்சி நிலையங்களின் மதிலும் நம் இடஒதுக்கீடும்

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சிக்ரி என்று சொன்னால்தான் ஊரில் தெரியும். சென்னை அடையாறில் தோல் ஆராய்ச்சி நிலையம், கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், ஆவடியில் போர் ஊர்திகளை வடிவமைக்கும் நிலையம், கோவையில் கரும்பு இனப்பெருக்க நிலையம், திருச்சியில் வாழை ஆராய்ச்சி மையம் என்று மத்திய அரசின் ஆய்வுக்கூடங்கள் தமிழ்நாட்டில் பல உண்டு. எல்லாமே மக்கள் வரிப்பணத்தில் நடப்பவை. ஆனால் இவற்றின் சுற்றுவட்டாரக் காலனிகளில் போய், "உள்ளே என்ன வேலை நடக்கிறது?" என்று கேட்டால், பதில் சொல்லக்கூடியவர் பெரும்பாலும் அங்கே கூட்டிப் பெருக்கப் போய்வரும் அக்காவாகவோ தோட்ட வேலைக்குப் போகும் பெரியவராகவோ இருப்பார்.

இது தற்செயலாக நடந்ததா? யாரை எடுப்பது, எப்படி எடுப்பது, யாரை மேலே ஏற்றுவது, எந்த வேலையை ஒப்பந்தக்காரரிடம் தள்ளுவது என்பதற்கெல்லாம் விதிகள் இருக்கின்றன. அந்த விதிகளை நம் மாணவர்கள் படிப்பதில்லை, யாரும் படித்துச் சொல்வதும் இல்லை. நீட் பற்றிப் பேசுகிறோம், டி.என்.பி.எஸ்.சி. பற்றிப் பேசுகிறோம். ஆராய்ச்சி நிலையங்களின் பணியாளர் கொள்கை நம் மேடைகளில் ஏறியதே இல்லை.

அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழு என்ற சி.எஸ்.ஐ.ஆர். 1942 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. அதே 1942 ஜூலையில்தான் அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராகப் பொறுப்பேற்றார். மறு ஆண்டே, 1943இல், மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 8.33 விழுக்காடு ஒதுக்கீட்டுக்கு ஆணை வந்தது. ஆக, இந்த நாட்டின் அரசு ஆய்வுக்கூடங்களும் நம்முடைய இடஒதுக்கீடும் ஏறக்குறைய ஒரே வயதுள்ளவை. இன்று பட்டியல் சாதிக்கு 15, பழங்குடிக்கு 7.5, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு என்பது மத்திய அரசின் கணக்கு. எண்பது ஆண்டுகள் கடந்த பிறகும், வாசலில் இருக்கும் ஒதுக்கீடு மாடிப்படி ஏற ஏற எங்கே கரைகிறது என்பதுதான் கேள்வி.

கீழிருந்தே தொடங்குவோம். தமிழ்நாட்டில் இருக்கும் மத்திய அரசு அலுவலகம் உள்ளூர் ஆட்களை நேரடியாக எடுக்கும் 'சி' பிரிவு வேலைகளுக்கு அகில இந்திய விழுக்காடு பொருந்தாது. மாநில மக்கள்தொகையை ஒட்டிய விழுக்காடு உண்டு. தமிழ்நாட்டுக்குப் பட்டியல் சாதி 19, பழங்குடி 1, பிற்படுத்தப்பட்டோர் 27. இதைப் பத்தில் ஒன்பது மாணவர்கள் அறியமாட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் இந்தப் பிரிவு வேலை என்றால் டெக்னீஷியன், இளநிலை அலுவலக உதவியாளர் போன்றவை. வெல்டர், பிட்டர், எலெக்ட்ரீஷியன் ஐ.டி.ஐ. முடித்த நம் பிள்ளைகளுக்கு நேராகப் பொருந்தும் வேலைகள்.

ஆனால் தகுதி விதியைப் படியுங்கள். சி.எஸ்.ஐ.ஆர். டெக்னீஷியன் பணிக்கு ஐ.டி.ஐ. சான்று மட்டும் போதாது, பத்தாம் வகுப்பில் அறிவியல் பாடத்துடன் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். பதினைந்து வயதில், அறுவடை நாளில் பள்ளிக்கு மட்டம் போட்டு 52 விழுக்காடு வாங்கிய பையன், பிறகு ஐ.டி.ஐ.யில் தன் தொழிலில் முதலாவதாக வந்தாலும் விண்ணப்பிக்க முடியாது. கடைசல் இயந்திரத்தில் கை எப்படி ஓடுகிறது என்பதைவிட, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் பெரிதாகிவிடுகிறது. தொழில்நுட்ப உதவியாளர் பணிக்கு டிப்ளமோவிலோ பி.எஸ்சி.யிலோ 60 விழுக்காடு, அதற்கு மேல் முன்அனுபவமும் கேட்கிறார்கள். அலுவலக உதவியாளருக்குத் தட்டச்சு வேகம்: ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 35 சொல், அல்லது இந்தியில் 30 சொல். காரைக்குடியில் இருக்கும் அலுவலகத்தில் வேலை செய்யத் தமிழ்த் தட்டச்சு உதவாது, இந்தித் தட்டச்சு உதவும்!

ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசின் 'சி' பிரிவுக்கும் பதிவு பெறாத 'பி' பிரிவுப் பணிகளுக்கும் நேர்காணல் கிடையாது. எழுத்துத் தேர்வும் தொழில் தேர்வும்தான். அப்பா பெயர், ஊர்ப் பெயர் கேட்டுத் தலையாட்டும் வேலை அங்கே ஒழிந்தது. தயார் செய்தால் வெல்லக்கூடிய இடம் இது. நம் பயிற்சி வகுப்புகள் இதை ஏன் கண்டுகொள்வதில்லை என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

இதற்கும் கீழே ஒரு படி இருந்தது. 'டி' பிரிவு. துப்புரவாளர், காவலாளி, தோட்டக்காரர், ஆய்வுக்கூட ஏவலர். அதிலும் இடஒதுக்கீடு இருந்தது, நிரந்தரச் சம்பளம் இருந்தது, ஓய்வூதியம் இருந்தது. அப்பா துப்புரவாளராகச் சேர்ந்து, நிலையத்தின் குடியிருப்பில் தங்கி, மகளை மத்தியப் பள்ளியில் படிக்க வைத்த குடும்பங்களை நம் ஊர்களில் பார்க்கலாம். ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு 'டி' பிரிவே எடுக்கப்பட்டது. பழையவர்கள் 'சி' பிரிவில் சேர்க்கப்பட்டார்கள். புதிதாக வர வேண்டுமானால் குறைந்தது பத்தாம் வகுப்பு என்றானது. இதைக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது வேறு. ஓய்வு பெற்றவர்களின் இடங்கள் நிரப்பப்படாமல், கூட்டுவதும் கழுவுவதும் காவல் காப்பதும் உணவகத்தில் பாத்திரம் துலக்குவதும் டெண்டர் மூலம் ஒப்பந்தக்காரர் கைக்குப் போயின.

வேலை செய்யும் கைகள் அதே காலனியிலிருந்துதான் வருகின்றன. மாறியது என்னவென்றால், இடஒதுக்கீடு இல்லை, பணிப்பதிவேடு இல்லை, குடியிருப்பு இல்லை, ஒப்பந்தக்காரர் மாறினால் வேலையும் இல்லை. 2001இல் இந்திய உருக்காலை நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒப்பந்த முறை ஒழிக்கப்பட்டாலும் தொழிலாளி தானாகவே முதன்மை நிறுவனத்தின் ஊழியராகிவிட மாட்டார் என்று சொல்லிவிட்டது. 2006இல் உமாதேவி வழக்குத் தீர்ப்பு தற்காலிக ஊழியர்களின் நிரந்தரக் கனவுக்குப் பூட்டுப் போட்டது. அந்தப் பூட்டை எல்லாத் துறைகளும் பத்து, இருபது ஆண்டு உழைத்தவர்களை வெளியே தள்ளும் ஆயுதமாக்கிக்கொண்டன. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்தது. மத்திய நீர் ஆணைய அலுவலகத்தில் பல்லாண்டுகள் துப்புரவும் தோட்ட வேலையும் செய்தவர்களை நிரந்தரமாக்க உத்தரவிட்டது. உமாதேவி தீர்ப்பை நியாயமான கோரிக்கைகளை மறுக்கும் கருவியாக்கக் கூடாது என்றும் சொன்னது. ஆராய்ச்சி நிலையங்களில் ஒப்பந்தத்தில் உழைக்கும் நம் மக்கள் இந்தத் தீர்ப்பின் நகலை வாங்கிக் கையில் வைத்திருக்க வேண்டும். ஒப்பந்தக்காரரின் ஆள் என்பதும் துறையே நேரடியாக வைத்த தற்காலிக ஆள் என்பதும் சட்டத்தில் வேறுவேறு என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. யார் சம்பளம் தருகிறார், யார் வேலை ஏவுகிறார், வருகைப் பதிவேடு யாரிடம் இருக்கிறது என்ற சான்றுகளை இன்றே சேர்க்கத் தொடங்குங்கள். வழக்கு வந்தபின் தேடினால் அந்தக் காகிதம் கிடைக்காது.

இனி விஞ்ஞானிப் பதவிக்கு வருவோம். இங்கே எழுத்துத் தேர்வு மட்டும் முடிவு செய்வதில்லை. சி.எஸ்.ஐ.ஆர். நிலையங்களின் விளம்பரத்தைப் பார்த்தால், ஒவ்வொரு பணியிடத்துக்கும் ஒரு குறியீடு, ஒரு குறுகிய ஆய்வுத்துறை, அதன் எதிரே பொது என்றோ பட்டியல் சாதி என்றோ ஒரு வகைப்பாடு இருக்கும். பட்டியல் சாதிக்கு ஓர் இடம் என்றால், அந்த ஓர் இடம் எந்தத் துறையில் விழுகிறது என்பதை நிலையமே தீர்மானிக்கிறது. நாட்டில் சிலரே ஆய்வு செய்யும் ஒரு துறையில் அந்த இடத்தைக் கட்டிவைத்தால் விண்ணப்பங்கள் எத்தனை வரும்? "குறைந்தபட்சத் தகுதி இருப்பதால் மட்டும் நேர்காணலுக்கு அழைக்கப்படும் உரிமை இல்லை" என்ற பொருளில் ஒரு வரியும் விளம்பரத்தின் அடியில் தவறாமல் இருக்கும். கடைசியில் கோப்பில் எழுதப்படுவது மூன்று சொற்கள்: தகுதியானவர் எவரும் கிடைக்கவில்லை.

விதி இங்கேயும் நம் பக்கம் இருக்கிறது, படிக்கத் தெரிந்தால். நேரடி நியமனத்தில் ஒதுக்கப்பட்ட இடத்தைப் பொது இடமாக மாற்றப் பொதுவாகத் தடை உள்ளது. நிரம்பாத இடம் பின்னடைவுக் காலியிடமாக அடுத்த ஆண்டுக்குப் போக வேண்டும். 2000ஆம் ஆண்டின் 81ஆவது அரசமைப்புத் திருத்தம், அந்தப் பின்னடைவு இடங்களைத் தனித் தொகுப்பாகக் கொண்டு 50 விழுக்காடு உச்சவரம்பிலிருந்து விடுவித்தது. ஒதுக்கப்பட்ட இடங்களுக்கான நேர்காணலில் பட்டியல் சாதி, பழங்குடி விண்ணப்பதாரர்களைத் தனி நாளிலோ தனி அமர்விலோ அழைக்க வேண்டும், மற்றவர்களோடு ஒப்பிட்டு எடைபோடக் கூடாது என்பதும் விதி. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட காலியிடங்கள் என்றால் தேர்வுக் குழுவில் பட்டியல் சாதி அல்லது பழங்குடி உறுப்பினர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். பத்துக்குக் கீழே என்றால் 'முயற்சி' செய்தால் போதும். காலியிடங்களைச் சிறு சிறு விளம்பரங்களாக உடைப்பதில் யாருக்கு லாபம் என்று இப்போது புரிகிறதா?

இனசுழற்சியிலும் இதே கதைதான். அகில இந்தியப் போட்டித் தேர்வு நியமனத்துக்கான பட்டியலில் நான்காவது இடம் பிற்படுத்தப்பட்டோருக்கு, ஏழாவது இடம் பட்டியல் சாதிக்கு, பதினான்காவது இடம் பழங்குடிக்கு. அலகு பெரிதாக இருந்தால் ஏழாவது இடம் சீக்கிரம் வரும். இரண்டே பணியிடம் உள்ள அலகாக உடைத்தால், ஏழாவது நியமனம் வருவதற்குள் ஒரு தலைமுறை ஓய்வு பெற்றுப் போய்விடும். பல்கலைக்கழகங்களில் துறைவாரியாக உடைக்கும் இந்த வேலைக்கு 2017இல் அலகாபாத் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வழிவிட்டது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. அந்த ஆண்டு மார்ச் 5இல் தலித், பிற்படுத்தப்பட்ட அமைப்புகள் நாடு தழுவிய முழு அடைப்பு நடத்திய பிறகே அவசரச் சட்டம் வந்தது. அதுவே 2019 ஜூலையில் மத்தியக் கல்வி நிறுவனங்களில் ஆசிரியர் இடஒதுக்கீட்டுச் சட்டம் ஆனது. பல்கலைக்கழகம் முழுவதும் ஒரே அலகு என்று அது சொன்னது. தெருவில் இறங்கிப் பெற்ற வெற்றி. சந்தேகமில்லை.

ஆனால் அந்தச் சட்டத்தின் 4ஆவது பிரிவைப் பலர் படிக்கவில்லை. 'உயர்சிறப்பு நிறுவனங்கள், ஆராய்ச்சி நிறுவனங்கள், தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனங்கள்' என்று சொல்லி, இணைப்புப் பட்டியலில் உள்ள 8 நிறுவனங்களுக்குச் சட்டம் பொருந்தாது என்று விலக்கு அளித்தது. 2006ஆம் ஆண்டின் மாணவர் சேர்க்கை இடஒதுக்கீட்டுச் சட்டத்திலும் இதே பட்டியல் உண்டு. முதலில் இருப்பது ஹோமி பாபா தேசிய நிறுவனமும் அதன் பத்து உறுப்பு நிலையங்களும். அந்தப் பத்தில் இரண்டு நம் மாநிலத்தில் இருக்கின்றன: கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையமும் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனமும். அங்கே ஆய்வு மாணவராகச் சேரவும் ஆசிரியராக அமரவும் இந்தச் சட்டங்களின் ஒதுக்கீடு கட்டாயமில்லை.

அந்தப் பத்தில் கொல்கத்தாவின் சாஹா அணு இயற்பியல் நிறுவனமும் ஒன்று. மேகநாத் சாஹா யார்? டாக்கா அருகே ஒரு கிராமத்தில், சிறு கடைக்காரரின் மகனாக, தாழ்ந்ததாகக் கருதப்பட்ட சாதியில் 1893இல் பிறந்தவர். கொல்கத்தாவில் கல்லூரி விடுதியில் ஆதிக்கச் சாதி மாணவர்கள் தங்களோடு உட்கார்ந்து அவர் சாப்பிடுவதை எதிர்த்தார்கள். அந்த மாணவர்தான் பிறகு விண்மீன்களின் வெப்பத்தை அளக்க வழி சொன்ன சமன்பாட்டை உலகத்துக்குத் தந்தார். அவர் பெயரால் நடக்கும் நிறுவனம் இன்று இடஒதுக்கீட்டிலிருந்து விலக்குப் பெற்ற பட்டியலில் இருக்கிறது. பெயர்ப் பலகையில் சாஹா இருந்தால் போதும் என்று நினைத்துவிட்டார்கள் போலும்.

விலக்கு என்ற இந்தப் பழக்கம் 2006இல் தொடங்கியதல்ல. 1975 ஜூன் 23ஆம் தேதி, அவசரநிலை அறிவிப்புக்கு இரண்டு நாள் முன்பு, மத்தியப் பணியாளர் துறை ஓர் ஆணை போட்டது. ஆராய்ச்சி செய்யும், ஆராய்ச்சியை வழிநடத்தும் அறிவியல், தொழில்நுட்பப் பதவிகள் 'ஏ' பிரிவின் அடித்தட்டுக்கு மேலே இருந்தால், அவற்றுக்கு இடஒதுக்கீட்டிலிருந்து விலக்குப் பெறலாம் என்றது அது. 1992இல் மண்டல் வழக்குத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் ஒதுக்கீடு பொருத்தமற்ற பதவிகள் என்று ஓர் உதாரணப் பட்டியல் கொடுத்தது. பாதுகாப்புப் படை, விமானி, பேராசிரியர், உயர்சிறப்பு மருத்துவம் ஆகியவற்றோடு, அணுசக்தி, விண்வெளி உள்ளிட்ட ஆராய்ச்சி நிறுவனங்களின் தொழில்நுட்பப் பதவிகளும் அதில் இருந்தன. எந்தப் பதவிக்கு விலக்கு என்று முடிவு செய்வது அரசின் வேலை என்றும் தீர்ப்பு சொன்னது. அதாவது விலக்கு கட்டாயமல்ல. அரசு நினைத்தால் நாளைக்கே இந்த விலக்கை ரத்து செய்யலாம். எந்த அரசும் நினைக்கவில்லை, எந்தக் கட்சியின் தேர்தல் அறிக்கையும் இதைக் கேட்கவில்லை.

'தகுதி, திறமை' என்ற பாட்டு இங்கே சத்தமாக ஒலிக்கும். அணு உலையை இடஒதுக்கீட்டில் வந்தவர் நடத்தலாமா என்று கேட்பார்கள். 69 விழுக்காடு ஒதுக்கீட்டில் படித்த மருத்துவர்கள்தான் தமிழ்நாட்டின் பொது சுகாதாரத்தை நாட்டின் முன்வரிசையில் வைத்திருக்கிறார்கள் என்பது ஒரு பதில். அரசமைப்பின் 335ஆவது பிரிவு நிர்வாகத் திறனைப் பேசுகிறது என்றால், 2000ஆம் ஆண்டு 82ஆவது திருத்தம் அதே பிரிவில் பதவி உயர்வுக்கான மதிப்பெண்ணைத் தளர்த்தலாம் என்று சேர்த்திருக்கிறது. 2019இல் இரண்டாம் பவித்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம், திறன் என்பதைத் தேர்வு மதிப்பெண்ணாகச் சுருக்காமல், சமூகத்தின் எல்லாப் பிரிவினருக்கும் இடம் தரும் நிர்வாகம் என்ற பொருளில் பார்க்க வேண்டும் என்றது. இதற்கு மேலும் ஒன்று கேட்கலாம். யாருடைய அறிவு, யாருடைய திறமை?

அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். 1948இல் தொடங்கப்பட்டது. நாயுடம்மா போன்ற பெரிய விஞ்ஞானி வழிநடத்திய, உலகம் மதிக்கும் நிலையம். அது பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே ஆவாரம்பட்டையில் தோலைப் பதனிடும் முறை இந்த மண்ணில் இருந்தது. அந்தத் தோல் சென்னைத் துறைமுகம் வழியாக இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. எந்தத் தோலுக்கு எத்தனை நாள் ஊறல், பட்டைச் சாறு எந்தப் பதம், சுண்ணாம்பு எவ்வளவு, உரிக்கும் கத்தியை எந்தக் கோணத்தில் பிடித்தால் தோலில் கீறல் விழாது என்ற கணக்கையெல்லாம் கைகளில் வைத்திருந்தவர்கள் யார்? அருந்ததியர், பறையர் உழைப்பாளிகள். அந்த அறிவுக்கு ஊர் கொடுத்த பெயர் தீட்டு. அதே அறிவு வெள்ளை அங்கி போட்டுக் குடுவைக்குள் போனதும் அதன் பெயர் வேதியியல். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் திண்டுக்கல்லிலும் தோல் ஊறும் குழியில் கால் நனைத்த குடும்பங்களிலிருந்து எத்தனை பேர் தோல் அறிவியல் விஞ்ஞானிகளாக அந்த நிலையத்தில் அமர்ந்திருக்கிறார்கள்? பதவி வாரியாக இந்த எண்ணை நிலையம் பலகையில் எழுதிப் போடட்டும். கழிவுநீரில் உப்பு எத்தனை விழுக்காடு என்று அளக்கத் தெரிந்தவர்களுக்கு இதை எண்ணுவது கடினமல்ல.

அருந்ததியருக்கு 2009இல் தமிழ்நாடு அரசு தந்த 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு மத்திய அரசுப் பணிக்குச் செல்லாது. 2024 ஆகஸ்ட் 1இல் ஏழு நீதிபதிகள் அமர்வு உள்வகைப்பாடு செல்லும் என்று தீர்ப்பளித்த பிறகும் மத்தியப் பணிகளில் நிலைமை மாறவில்லை. தோல் ஆராய்ச்சி நிலையத்தில்கூட மாறவில்லை என்பதைத்தான் குறிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நுழைந்த பிறகு என்ன ஆகிறது? விஞ்ஞானிகளின் பதவி உயர்வு மற்ற அலுவலகங்களைப் போலக் காலியிடத்தைப் பொறுத்ததல்ல. மூன்று, நான்கு, ஐந்து ஆண்டுகள் என்று ஒரு நிலையில் இருந்த பிறகு, ஆண்டுச் செயல்பாட்டு அறிக்கையின் மதிப்பெண்ணையும் மதிப்பீட்டுக் குழுவின் நேர்காணலையும் வைத்து அடுத்த நிலை தரப்படுகிறது. காலியிடம் இல்லாததால் இடஒதுக்கீடும் இல்லை. திறமையாளர் காத்திருக்கத் தேவையில்லை என்ற வகையில் நல்ல ஏற்பாடுதான். ஆனால் எல்லாம் அந்த அறிக்கையை எழுதும் மேலதிகாரியின் பேனாவில் தொங்குகிறது. எந்த ஆய்வுத் திட்டம் யாருக்கு, எந்தக் கட்டுரையில் யார் பெயர் முதலில், எந்த வெளிநாட்டு மாநாட்டுக்கு யார் என்பதை அவரே தீர்மானிக்கிறார். பிறகு, "இவர் கட்டுரைகள் குறைவு" என்று அவரே எழுதுகிறார். சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் வன்கொடுமைச் சட்டம் இருக்கிறது. பத்தில் 6 மதிப்பெண் போட்டால் எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுவது?

2008இல் தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி திறந்தது. அறிக்கையில் எழுதப்பட்ட ஒவ்வொரு மதிப்பீட்டையும், நல்லதோ கெட்டதோ, ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும். 2009 மே மாத ஆணைப்படி முழு அறிக்கையையும் காட்டி, பதில் சொல்ல 15 நாள் தர வேண்டும். அந்த 15 நாளைப் பயன்படுத்தத் தயங்காதீர்கள் என்று உள்ளே இருக்கும் நம் தோழர்களுக்குச் சொல்கிறேன். மேலதிகாரியின் மனம் கோணும் என்று எழுதாமல் விட்ட பதில், ஐந்து ஆண்டு கழித்து மதிப்பீட்டுக் குழுவின் முன் நமக்கு எதிராகவே நிற்கும்.

பணியாளர் நிர்வாகம் கெட்டால் என்ன ஆகும் என்பதை இந்த நாடு ஒருமுறை பார்த்திருக்கிறது. 1972இல் டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு விஞ்ஞானி, நியமனத்திலும் பதவி உயர்விலும் நடந்த அநீதிகளை எழுதிவைத்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். நாடாளுமன்றம் கொந்தளித்தது. ஓய்வு பெற்ற தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர் தலைமையில் குழு அமைந்தது. 1973இல் வேளாண் விஞ்ஞானிகளைத் தேர்ந்தெடுக்கத் தனி வாரியம் வந்தது, 1975இல் அகில இந்திய வேளாண் ஆராய்ச்சிப் பணி உருவானது. இன்று கோவைக் கரும்பு நிலையத்துக்கோ திருச்சி வாழை மையத்துக்கோ விஞ்ஞானியை அந்த நிலையத்தின் இயக்குநர் பொறுக்குவதில்லை. நாடு முழுவதும் ஒரே அறிவிப்பு, ஒரே தேர்வு. குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு நிலையம் தன் வசதிக்கு ஒதுக்கீட்டு இடத்தை மூலையில் ஒளிக்கும் வாய்ப்பு அங்கே குறைவு. சி.எஸ்.ஐ.ஆர். நிலையங்களுக்கும் அப்படி ஒரு பொது வாரியம் வேண்டும் என்று தலித் அமைப்புகள் கேட்டிருக்க வேண்டும். இனியாவது கேட்போம்.

மாணவர்களை நேராகத் தொடும் விஷயம் திட்டப் பணி. இன்று ஆய்வுக்கூட வேலையின் பெரும்பகுதியைச் சுமப்பவர்கள் நிரந்தர விஞ்ஞானிகளல்லர், திட்ட உதவியாளர்களும் ஆய்வு மாணவர்களும்தான். ஆறு மாதம், ஓராண்டு என்று நீட்டிக்கப்படும் வேலை. விளம்பரத்தில் பட்டியல் சாதியினருக்கு 5 ஆண்டு வயதுத் தளர்வு என்று ஒரு வரி இருக்கும், இடம் ஒதுக்கிய வரி பெரும்பாலும் இருக்காது. 45 நாள் அல்லது அதற்கு மேல் நீடிக்கும் தற்காலிக நியமனங்களில் ஒதுக்கீடு தர வேண்டும் என்பது மத்திய அரசின் பழைய விதி. 2022 நவம்பரில் மறுபடியும் வலியுறுத்தப்பட்டது, உச்ச நீதிமன்றத்திலும் அரசு இதைச் சொல்லியிருக்கிறது. "திட்டப் பணி என்பது பணியே அல்ல, ஈடுபாடு" என்று வார்த்தை விளையாட்டு விளையாடி இந்த விதியைத் தாண்டுகிறார்கள். அந்த இரண்டாண்டு அனுபவம்தான் நாளைக்கு விஞ்ஞானிப் பணி நேர்காணலில் 'முன்அனுபவம்' ஆகிறது. வாசலில் நுழைவுச்சீட்டுக் கொடுக்கும் இடத்தில் ஒதுக்கீடு இல்லையென்றால் உள்ளே ஒதுக்கி என்ன பயன்?

உதவித்தொகைக்கு வந்தால், இளநிலை ஆய்வாளருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். காகிதத்தில் நல்ல தொகை. வங்கிக் கணக்கில் எப்போது வரும் என்பதுதான் பிரச்சினை. வீட்டிலிருந்து பணம் வரும் மாணவருக்கு நான்கு மாதத் தாமதம் எரிச்சல். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய மாணவருக்கு அது படிப்பை விட்டு வெளியேறும் காரணம். 2016இல் ரோஹித் வெமுலா இறந்தபோது ஏழு மாத உதவித்தொகை அவருக்கு வந்து சேராமல் இருந்தது. அதை மறக்க நமக்கு உரிமையில்லை.

போன மாதம் மாலை வகுப்பில் ஒரு தங்கை கேட்டாள்: "அண்ணே, பொதுப் பிரிவு கட்-ஆஃப் எடுத்தா நாங்க பொது இடத்துல வரலாமா?" வரலாம். வயதுத் தளர்வோ மதிப்பெண் தளர்வோ எடுக்காமல் பொதுப் பிரிவு அளவுகோலில் தேர்வானால், அது பொது இடத்தில்தான் கணக்காக வேண்டும், நம் ஒதுக்கீட்டில் கழிக்கக் கூடாது. பல நிலையங்களில் நடக்கும் மோசடி இந்த இடத்தில்தான். அதைக் கண்டுபிடிக்க இனசுழற்சிப் பதிவேட்டைப் பார்த்தாக வேண்டும்.

அதைப் பார்க்கும் வழி பத்து ரூபாய்தான். தகவல் உரிமைச் சட்டப்படி மத்திய அரசு நிலையத்துக்கு விண்ணப்பம் போடலாம், தமிழிலேயே எழுதலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். சி.எஸ்.ஐ.ஆர். நிலையங்களும் அணுசக்தித் துறையும் இந்தச் சட்டத்துக்குள் வருபவை. ஆவடி நிலையம் சேர்ந்த பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்புக்கு மட்டும் விலக்கு உண்டு, அதுவும் ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய தகவலுக்குப் பொருந்தாது. கேட்க வேண்டியவை இவை: விஞ்ஞானிப் பணியிடங்களின் இனசுழற்சிப் பதிவேட்டு நகல், 'ஏ' பிரிவு என்று மொத்தமாக அல்லாமல் ஒவ்வொரு நிலையிலும் எத்தனை பட்டியல் சாதியினர், கடந்த பத்து ஆண்டுகளில் 'தகுதியானவர் இல்லை' என்று விடப்பட்ட இடங்கள் எத்தனை, அவை மறுபடி எப்போது விளம்பரமாயின, பட்டியல் சாதியினர் நலனுக்கான தொடர்பு அலுவலர் பெயர் என்ன, அவர் பதிவேட்டைக் கடைசியாக ஆய்வு செய்த தேதி எது, துப்புரவு ஒப்பந்தத்தின் நகல், அதில் குறிப்பிட்ட கூலி எவ்வளவு.

பதில் மழுப்பலாக வந்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பதிவேட்டில் தவறு தெரிந்தால் அதன் நகலோடு சென்னையில் உள்ள தேசியப் பட்டியல் சாதிகள் ஆணைய அலுவலகத்துக்குப் புகார் அனுப்பலாம். 338ஆவது பிரிவின்படி விசாரணையின்போது அந்த ஆணையத்துக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு, நிலைய இயக்குநரையே ஆவணங்களோடு நேரில் வரச் சொல்லலாம். காரைக்குடி, கல்பாக்கம், அடையாறு மூன்றுக்கும் ஒரே மாதிரி விண்ணப்பத்தை ஒரே வாரத்தில் அனுப்பினால் பதில்களை அருகருகே வைத்து ஒப்பிட வசதியாக இருக்கும். அனுப்புகிறவர்கள் பதில் நகலை இந்தப் பகுதிக்கும் அனுப்பி வையுங்கள், எண்களை அப்படியே வெளியிடுவோம்.